பைக் பயணத்தில் இரவு தங்க: ஹேமக்கா, டென்ட்டா?

கடையில் ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை) பையைக் கையில் எடுத்தால் அரைக் கிலோதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் இருவர் டென்ட் இரண்டரை, மூன்று கிலோ. பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவர் எதை வாங்குவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அரைக் கிலோ வெறும் துணியின் எடை. மற்றதையும் சேர்த்துக் கூட்டுங்கள்: துணி 500–700 கிராம், மரத்தில் சுற்றும் ஸ்ட்ராப்பும் கொக்கியும் 300–400, மழைக்கு மேலே கட்டும் தார்ப் 700–900, கொசுவலை 300–400, முதுகுக்கு அடியில் குளிர் தாங்க ஃபோம் பாய் 300–400. மொத்தம் 2.1 முதல் 2.8 கிலோ. டென்ட்டுக்கும் பாய் வேண்டும் என்பதால் வித்தியாசம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் நிற்கும். பைக்குக்கு அது ஒரு சுமையே இல்லை.

ஆகவே எடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். படுக்கப் போகும் இடத்தில் கட்ட அனுமதியுள்ள இரண்டு நல்ல மரங்கள் இருக்கின்றனவா? விடியற்காலையில் அங்கே எவ்வளவு குளிரும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் எதை எடுத்துப் போவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் இடம்

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றில் வனத்துறை அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இரவு தங்கக்கூடாது. மலைப்பாதை ஓரத்தில் ஆள் நடமாட்டமில்லாத, நிழலான இடம் என்று உங்கள் கண்ணில் படுவதில் பெரும்பகுதி இந்த வகைதான். வால்பாறையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம். மேகமலையும் 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்படும் என்பதால், நேரம் தப்பினால் அந்தப் பக்கம் எங்காவது படுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் கூடாது.

அப்படியென்றால் மிஞ்சுவது தனியார் நிலம். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, மூணாறு, வயநாடு, கூர்க் போன்ற இடங்களில் சில எஸ்டேட்டுகளும் ஹோம்ஸ்டேக்களும் டென்ட் போட இடம் தருகின்றன. கிளம்புவதற்கு முன்பே உரிமையாளரிடம் போனில் கேட்டுவிடுங்கள்: என்ன மரம் நிற்கிறது, தொடையளவாவது பருமன் இருக்கிறதா, அதில் கட்டலாமா, சமதளம் உண்டா, பைக் அதுவரை போகுமா, யானை வருமா. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். பலாப்பழக் காலத்தில் யானை வரும் தோட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் பல. யானை வந்தால் டென்ட்டும் காக்காது, ஹேமக்கும் காக்காது. வீட்டுக்கு அருகே, விளக்கு வெளிச்சத்தில் படுப்பதுதான் வழி.

மரம் இருக்கிறது என்று சொன்னால் போதாது. எந்த மரம் என்பது முக்கியம். வேம்பு, புளி, மா, பலா நல்லவை. உயிருள்ள மரமாக, கட்டும் உயரத்தில் குறைந்தது 15 செ.மீ. குறுக்களவு இருக்க வேண்டும். மா, பலாவில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து தெரிந்தால் வேறு மரம் தேடுங்கள். தென்னந்தோப்பில் ஹேமக் வேண்டவே வேண்டாம். படத்தில் அழகாக இருக்கும், ஆனால் காயும் காய்ந்த மட்டையும் விழும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. முருங்கை முறியும். யூகலிப்டஸ் காற்றில்லாமலே கிளையை உதிர்க்கும். பாக்கு மரம் வளையும். கடற்கரைச் சவுக்குத் தோப்புகளில் மரங்கள் நெருக்கமாகவும் ஒல்லியாகவும் நட்டிருப்பார்கள். வெட்டாமல் விட்ட பழைய மரங்களில் மட்டும் கட்டலாம். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருந்தால் ஸ்ட்ராப் அந்தக் கொடியை நசுக்கிவிடும். அது அந்த வீட்டின் வருமானம். கொடி இல்லாத மரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

லடாக், ஸ்பிதி போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சார்ச்சு, பாங், பாங்காங் ஏரிக்கரை எல்லாம் 4,200 மீட்டருக்கு மேல். அங்கே கட்ட மரமே கிடையாது. கிராமங்களில் நிற்கும் பாப்ளரும் வில்லோவும் யாரோ தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பவை. ஹேமக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பின்சீட்டில் துணை வருகிறார் என்றால் அத்துடன் கேள்வி முடிந்தது. ஹேமக் ஆளுக்கு ஒன்று. இரண்டு ஹேமக், இரண்டு தார்ப் என்று போனால் எடை நான்கு கிலோவைத் தாண்டும். இருவருக்கு மூவர் டென்ட் ஒன்று போதும்.

அடுத்தது குளிர்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் விடியற்காலை 24 டிகிரி என்றால் 1,500 மீட்டரில் 15 டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருக்கும் டிசம்பர், ஜனவரியில் இன்னும் இறங்கும்.

ஹேமக்கில் குளிர் கீழிருந்து வரும். ஸ்லீப்பிங் பேக் சூடு தருவது அதன் பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்றால். உங்கள் எடையில் அந்தப் பஞ்சு நசுங்கிவிடுகிறது, துணிக்கு அடியில் காற்று தடையின்றி ஓடுகிறது. அதனால் 20 டிகிரி போன்ற சாதாரணக் குளிரிலேயே முதுகும் இடுப்பும் விறைத்து, நடு இரவில் விழிப்பு வரும். புதியவர்கள் ஹேமக்கை வெறுத்துவிடுவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். போர்வையை மேலே அடுக்கிப் பயனில்லை. அடியில் 8–10 மி.மீ. ஃபோம் பாய் போடுங்கள். இரட்டை அடுக்குத் துணி உள்ள ஹேமக் என்றால் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் செருகினால் நழுவாது. 15 டிகிரிக்குக் கீழே போகும் இடத்துக்கு, ஹேமக்கின் அடிப்புறம் வெளியே தொங்கவிடும் பஞ்சுப் போர்வையான அண்டர்குவில்ட் வேண்டும். அதன் விலையும் பருமனும் சேரும்போது டென்ட்டே சுலபம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர் இரவுக்கு ஹேமக்கைப் பரிந்துரைக்க மாட்டோம்.

சமவெளியிலும் தாழ்வான தோட்டங்களிலும் நிலைமை தலைகீழ். இரவு 26, 27 டிகிரியில் டென்ட்டுக்குள் வேர்த்துக் கொட்டும்; ஹேமக்கில் நாலு பக்கமும் காற்று. தென்மேற்குப் பருவமழையில் வயநாடு, வால்பாறைத் தோட்டங்களில் அட்டை ஊரும் ஈரத் தரையிலிருந்து விலகிப் படுக்க ஹேமக்கை விஞ்ச எதுவும் இல்லை. சரிவு, வேர், கல் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. இன்னொரு பெரிய வசதி: மழையில் போய் இறங்கினால் தார்ப்பை முதலில் கட்டிவிட்டு, அதன் அடியில் நனையாமல் மற்றதைக் கட்டலாம். உள்கூடாரத்தை முதலில் நிறுத்தும் வகை டென்ட்டில், மேலே போர்த்தும் மழை உறையான ரெயின் ஃப்ளை போடுவதற்குள் உள்ளே தண்ணீர் நின்றுவிடும்.

குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் ஹேமக்கை விட்டுவிடலாம்.

ஹேமக் கட்டும் முறை

படுக்க வாங்கும் ஹேமக் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, 170 செ.மீ.க்கு மேல் உயரமானவர் 3.3 மீட்டர் பாருங்கள். ஸ்ட்ராப் பாலியஸ்டராக, 2.5 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நைலான் ஸ்ட்ராப் ஈரத்திலும் எடையிலும் நீளும். காலையில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பீர்கள். கயிறு எதுவானாலும் மரப்பட்டையை அறுக்கும், வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாவிக்கொத்துக் கொக்கி நேராகிவிடும். மலையேற்றத்துக்குரிய, தாங்கும் விசையைக் கிலோநியூட்டனில் பொறித்த காரபினர் கொக்கி வாங்குங்கள்.

மரங்களுக்கு நடுவே 4 முதல் 5 மீட்டர் இடைவெளி சரி. நீளமான காலடிகளாக ஐந்து, ஆறு வைத்துப் பாருங்கள். 4.5 மீட்டர் இடைவெளிக்கு ஸ்ட்ராப்பை மரத்தில் சுமார் 1.7 மீட்டர் உயரத்தில் சுற்றுங்கள். இடைவெளி ஒரு மீட்டர் கூடினால் 30 செ.மீ. மேலே ஏற்ற வேண்டும்.

ஸ்ட்ராப் தரைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்பதே இதில் தலையாய விதி. கட்டைவிரலை மேலே நிமிர்த்தி ஆள்காட்டி விரலை நீட்டினால், இரண்டு விரல் நுனிகளையும் சேர்க்கும் கோடு ஏறக்குறைய அந்தச் சாய்வு. புதியவர்கள் தொய்வைப் பார்த்துப் பயந்து இழுத்துக் கட்டுவார்கள். 75 கிலோ ஆள் 30 டிகிரியில் படுத்தால் ஒவ்வொரு ஸ்ட்ராப்பிலும் 75 கிலோ இழுவிசை விழும். 15 டிகிரியில் அது 145 கிலோ. 10 டிகிரிக்கு இழுத்துவிட்டால் 215 கிலோவைத் தாண்டும். ஒரே ஆள், அதே ஹேமக். இழுத்துக் கட்டியதற்காக மூன்று மடங்கு. தையல் பிரிவதும் மரம் சாய்வதும் இப்படித்தான் நடக்கின்றன. வசதியும் போய்விடும்: இறுகிய துணி தோளை இரண்டு பக்கமும் அமுக்கும்.

ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம் என்றால் ஹேமக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து நீளாத மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். அதன் நீளம் ஹேமக் நீளத்தில் 83 விழுக்காடு. 3 மீட்டருக்கு 2.5 மீட்டர், 3.3 மீட்டருக்கு 2.75 மீட்டர். மரங்கள் எப்படி நின்றாலும் தொய்வு மாறாது. கொசுவலையும் தலையில் மாட்டும் டார்ச்சும் அதிலேயே தொங்கும். ஆனால் அந்தக் கயிறு வீணைத் தந்தி போல் விறைத்திருந்தால் ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்கள்; விரலால் முறுக்கினால் சற்று வளைய வேண்டும்.

கால் பக்கம் தலைப் பக்கத்தைவிட 15–20 செ.மீ. உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இரவில் நடுவுக்கு வழுக்கி வருவீர்கள். உட்காரும் உயரம் 45 செ.மீ.; அதற்கு மேல் வேண்டாம், அடியில் கல்லோ குச்சியோ இருக்கக் கூடாது. முதலில் கைகளால் அழுத்தி, பிறகு மெதுவாக உட்கார்ந்து, அதன் பிறகு படுங்கள். படுக்கும்போது நடுக்கோட்டில் நேராகப் படுக்காமல் தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுங்கள். முதுகு ஏறக்குறையத் தட்டையாகும். தொட்டிலில் கிடப்பது போல் வளைந்து படுத்து முதுகு வலிக்கிறது என்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள்.

தார்ப் ஹேமக்கின் இரு முனைகளையும் 20–30 செ.மீ. தாண்டி நீள வேண்டும். மழைநீர் மரத்தில் வழிந்து ஸ்ட்ராப் வழியாக உள்ளே இறங்கும். ஸ்ட்ராப்பில் தார்ப்பின் நிழலுக்குள் ஒரு சாண் நூல் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும். மெல்லிய ஒற்றைத் துணி என்றால் கொசு அடியிலிருந்தும் கடிக்கும். அடியில் போட்ட பாய் அதையும் தடுக்கும்.

இடி இடித்தால் இறங்கிவிடுங்கள். ஏப்ரல்–மே கோடைமழையிலும் அக்டோபர்–நவம்பரிலும் மாலை இடி வழக்கம். அந்த நேரத்தில் மரத்தில் கட்டிக்கொண்டு படுப்பது ஆபத்து. மரத்தடி டென்ட்டும் அப்படியே. கட்டடத்துக்குள் போங்கள்.

பைக்கை ஒரு முனையாக வைத்துக் கட்டும் யோசனை பலருக்கு வரும். பைக் தன் எடையை நேர்கீழாகத் தாங்கி நிற்பது. பக்கவாட்டில் 75 கிலோ இழுத்தால் மெயின் ஸ்டாண்டில் நின்றாலும் சாய்ந்து உங்கள் மேலேயே விழும். தார்ப்பின் ஒரு மூலையை ஹேண்டில்பாரில் கட்டலாம், அவ்வளவுதான். அதுபோல வீட்டில் ஒத்திகை பார்க்க மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், செங்கல் தூண், காம்பவுண்டுத் தூண் எதிலும் கட்டாதீர்கள். செங்கல் தூண் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. அப்படியே பெயர்ந்து படுத்திருப்பவர் மேல் விழும்.

டென்ட் என்று முடிவானால்

ஒருவருக்கு இருவர் டென்ட். தரை சுமார் 210 × 130 செ.மீ.; பாய் 55 செ.மீ. போக மீதியில் ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட், பைகள் உள்ளே வந்துவிடும். ஹேமக்கில் இவற்றுக்கு இடமில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். முளையடிக்காமலே தானாக நிற்கும் வகை, உள்கூடாரமும் மேல் ஃப்ளையும் தனித்தனியான இரட்டைச் சுவர், அலுமினியக் கம்பி, வாசலுக்கு முன்னால் பூட்ஸ் வைக்கச் சிறு தாழ்வாரம்: இவை இருக்கட்டும். ஃப்ளையின் நீர் தாங்கும் அளவு (துணி ஒழுகாமல் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம்) 2,000 மி.மீ.க்குக் குறையாமல், தரை 3,000 மி.மீ.க்கு மேல். தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். ஃபைபர் கம்பி மலிவு, ஆனால் பிளந்து நார் நாராகக் கையில் ஏறும். பிளந்த கம்பியை இணைக்க ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டும் டக்ட் டேப்பும் எப்போதும் கூட இருக்கட்டும்.

எடையைவிட உறையின் நீளம்தான் பைக்கில் தொல்லை. 45 செ.மீ.க்குள் மடிந்தால் பைக்கின் பக்கவாட்டில் தொங்கும் சாடில் பேக்கிலேயே போகும். 60 செ.மீ. என்றால் பின்சீட்டில் குறுக்கே கட்ட வேண்டியிருக்கும். கம்பிகளைத் தனியே எடுத்து நீளவாக்கில் வைத்தால் துணி எந்தப் பையிலும் அடங்கும். தூக்கி எறிந்தால் தானே விரியும் டென்ட் பெரிய வட்டத் தட்டாக மடிவது, பைக்குக்கு ஒத்துவராது.

தரையைப் பார்த்துப் போடுங்கள். சருகும் மண்ணும் கோடு கோடாக ஒதுங்கியிருந்தால் மழையில் தண்ணீர் ஓடும் பாதை அது. மேலே காய்ந்த கிளை தொங்கக் கூடாது. அடியில் விரிக்கும் ஷீட் டென்ட் தரையைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஃப்ளையில் வழியும் நீரைப் பிடித்து உங்கள் அடியில் சேர்த்துவிடும். டென்ட் ஒழுகுகிறது என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். வேறு பலவற்றுக்கு மூச்சுக்காற்றின் ஈரம். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை எல்லாம் மூடினால் விடியும்போது உள்சுவர் சொட்டும். திறந்தே வையுங்கள்.

முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க, 45 டிகிரியில் அடியுங்கள். வாகமன் புல்மேடு, கொழுக்குமலை மாதிரி காற்று வீசும் இடங்களில் டென்ட்டை முளையோடு இழுத்துக் கட்டும் இழுகயிறுகளைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். தானாக நிற்கும் டென்ட் தானாகவே பறக்கவும் செய்யும். லடாக்கின் கல்தரையில் முளை இறங்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி, மேலே இன்னொரு கல் வையுங்கள். அங்கே ஜூலை இரவும் பூஜ்ஜியத்தை நெருங்கும் என்பதால் ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட் என்று போட்ட டிகிரி எண்ணைப் பாருங்கள். லிமிட் என்ற எண் சுருண்டு படுத்து இரவைக் கழிக்கும் அளவு.

பைக், அடுப்பு, ஈரம்

ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு மெல்ல இறங்கி, நள்ளிரவில் பைக் சாயும். தட்டைக் கல்லோ பலகையோ அடியில் வையுங்கள். சாய்ந்தாலும் உங்கள் மேல் விழாத தூரத்தில் நிறுத்துங்கள். சூடான சைலன்சர் பட்டால் நைலான் நொடியில் உருகும். மூட்டை கட்டக் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைவிட வளையம் போட்ட ஸ்ட்ராப் நல்லது. கொக்கி தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. தொங்கும் முனைகளைச் செருகிவிடுங்கள், செயினில் சிக்கும். கிளம்பி 20 கி.மீ. போனதும் ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள்.

டென்ட்டுக்குள்ளோ தார்ப்புக்கு அடியிலோ அடுப்புப் பற்ற வைக்காதீர்கள். மூடிய டென்ட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். பிப்ரவரி முதல் மே வரை மலைப்புல் காய்ந்திருக்கும்போது கேம்ப்ஃபயர் அறவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களின் உயிரைக் காட்டுத்தீ பறித்தது அந்தப் பருவத்தில்தான்.

முதன்முறையாக ஒன்றே ஒன்று வாங்குகிறீர்கள் என்றால் இருவர் டென்ட் வாங்குங்கள். மரமிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பயன்படும். சமவெளித் தோப்பும் மழைக்காலத் தோட்டமும் அடிக்கடி போகும் இடங்கள் என்று ஆன பிறகு ஹேமக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் முதல் இரவை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடிய இடத்தில் கழியுங்கள்; பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து கட்டிப் பாருங்கள்.

காலையில் ஃப்ளையும் தார்ப்பும் ஈரமாகத்தான் இருக்கும். உதறி, மற்றதோடு சேர்க்காமல் தனிப் பையில் மேலே கட்டுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே நிழலில் விரித்துக் காய வையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த டென்ட்டில் பூஞ்சை பிடிக்கும். உட்பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரிந்து வரும், அதற்கு மேல் சரிசெய்ய வழியில்லை. காய்ந்ததும் இறுக்கமான உறையில் அடைக்காமல் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வைத்தால் போதும்.